ஏழு பேரிடம் இருந்த பாட்டு

“ஒரு வரி தொண்டைக்குழி வரைக்கும் வந்து நிக்கும்போதுதான் இந்த மிக்கேல்ராஜுக்கு விசில் ஊதணும்.”

மதலேனம்மாள் இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது ஒரு தடவை, கொழுந்து நிறுக்கப் போகும்போது ஒரு தடவை, விசிலே ஊதாத ஞாயிற்றுக்கிழமையிலும் பழக்கதோஷத்துக்கு ஒரு தடவை. சொல்லும்போது இடது கையை இடுப்பில் ஊன்றி, கீழுதட்டைப் பிதுக்கி, மிக்கேல்ராஜ் என்கிற பேரை மட்டும் மூக்கால் சொல்வார். நான் அதை அப்படியே செய்து காட்டினால் எங்கள் தேயிலை நிரையில் கொழுந்து எடுக்கிற அத்தனை பெண்களும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். “மூக்கு இன்னும் கொஞ்சம் வேணும்ட்டி” என்று திருத்திக் கொடுப்பார்.

மிக்கேல்ராஜ் எங்கள் கங்காணி. நல்ல மனிதர்தான். பாட்டின்மேல் அவருக்குக் கோபம் இல்லை, பாட்டினால் நிற்கிற கைகள்மேல்தான் கோபம். அந்தக் கைகள் எப்படி நிற்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குமுளிக்கு மேற்கே ஏழு மைலில் எங்கள் கல்மேடு எஸ்டேட். மதலேனம்மாள் சேர்ந்தமரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வந்து இருபத்தைந்து வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சு ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆர்மோனியத்தைத் தூரத்தில் பார்த்திருக்கிறார், தொட்டதில்லை. முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, மழைக்குத் தலையில் கம்பளி, இவைதான் அவருடைய கச்சேரிச் சாமான்கள். கூடையின் விளிம்பை விரலால் தட்டினால் அதுவே தாளம்.

இந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு எங்களுக்குத் தெரிந்து நாற்பது பாட்டாவது கட்டியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ப் பாடுகிற பாட்டு, துரையின் ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்ட பாட்டு, அரிசியில் கல் பொறுக்குகிற பாட்டு. மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அட்டைக்கு ஒரு பாட்டு உண்டு. அதைப் பாடாத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை.

*உப்பைக் கண்டா ஓடுறியே அட்டை அண்ணாச்சி – நீ*
*ஒண்ட வந்த காலு என்ன உன் பாட்டன் சொத்தா ஆச்சி?*

கேட்டால் சும்மா வாயில் வந்தது போலத்தான் இருக்கும். இந்த இரண்டு வரிக்கு அவர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் பக்கத்து நிரையிலேயே நின்றவள், எனக்குத் தெரியும்.

முதலில் மெட்டு வரும். அது பெரும்பாலும் நடக்கும்போது வரும். வார்த்தை இல்லாமல் ‘ம்ம்’ என்று மூன்று நாள், நான்கு நாள் முனகிக்கொண்டே இருப்பார். அந்த நாட்களில் அவரிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட ‘ம்ம்’ என்றுதான் பதில் வரும். உண்டு என்கிற ‘ம்ம்’மா, மெட்டு ‘ம்ம்’மா என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

பிறகு வரி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சோதனை உண்டு. முதல் சோதனை ஏற்றம். பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒரு செங்குத்தான பாதை போகிறது. நிறைந்த கூடையோடு அதில் ஏறிக்கொண்டே வரியைப் பாடிப் பார்ப்பார். பாதி வரியில் மூச்சு வாங்கினால் வரி நீளம். அங்கேயே நின்று ஒரு வார்த்தையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஏறுவார். நல்ல வார்த்தையாக இருந்தாலும் தயவு கிடையாது. “மூச்சு முட்டுத இடத்துல பாட முடியாட்டா அது யாருக்குட்டி பாட்டு? மெத்தையில படுத்திருக்கவுகளுக்கா?” என்பார்.

இரண்டாவது சோதனை எங்களுக்கே தெரியாமல் நடக்கும். நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே புது வரியை யாருக்கும் சொல்லாமல், பத்தோடு பதினொன்றாகப் பாடுவார். பாடிவிட்டு முகத்தைப் பார்க்க மாட்டார், கைகளைப் பார்ப்பார். முகத்தை நம்பவே மாட்டார். முகம் மரியாதைக்குச் சிரிக்கும், மரியாதைக்குக் கண் கலங்கும். கொழுந்து எடுக்கிற கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. இயந்திரம் மாதிரிப் போய்க்கொண்டிருக்கிற கை, ஒரு வரியைக் கேட்டதும் செடிமேல் ஒரு நொடி நின்றால் அந்த வரி தேறிவிட்டது என்று அர்த்தம். நாலு பேருக்காவது நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த வரியைப் பிறகு யாரும் கேட்க முடியாது.

நாலு பேர் கை நின்றால் மிக்கேல்ராஜ் விசில் ஊதுவார். ஆக, அவருடைய விசில்தான் மதலேனம்மாளுக்குக் கிடைக்கிற கைத்தட்டல். நான் ஒருநாள் இதைச் சொல்லிக் கேலி செய்தேன். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை.

தேறிய பாட்டைப் பத்திரப்படுத்துவதில்தான் அவர் உலகத்தில் யாரையும் போல இல்லாதவர். நோட்டில் எழுதித் தரட்டுமா என்று நான் கேட்டிருக்கிறேன். காகிதம் நனையும், கரையான் தின்னும், அதைவிட முக்கியமாகக் காகிதத்துக்குக் கை நிற்காது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு சரணத்தையும் ஒவ்வொரு பெண்ணிடம் கொடுத்து வைப்பார். ‘இது உனக்கு’ என்று சொல்லி, அவள் வாயில் சரியாக உட்காரும்வரை சொல்லிக் கொடுப்பார். அதன்பிறகு அந்தச் சரணம் அவளுடையது. அவள்தான் பாட வேண்டும். மற்றவர்கள் கேட்கலாம், முனகலாம், எடுத்துப் பாடக்கூடாது. அட்டைப் பாட்டு மாதிரிப் பிள்ளைகள் பாடுகிறதுக்கு மட்டும் விலக்கு. கட்டியவரே பாட மாட்டார். கொடுத்ததைத் தன் தலையிலிருந்து கழுவிவிடுவதாகச் சொல்வார். ரெண்டு பேர் வைத்திருந்தால் நாளைக்கு ரெண்டு பாட்டாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. உண்மையிலேயே வரிகளை மறந்துவிடுவார், சங்கதி மட்டும் நினைவில் நிற்கும். நாங்கள் மாற்றிப் பாடிப் பார்த்து உறுதி செய்திருக்கிறோம்.

எந்தச் சரணம் யாருக்கு என்பதும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. சரணத்துக்குள் இருக்கிற சங்கதி யாருக்கு நடந்ததோ அவளிடம் போய் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, கதையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பிறகு அதைப் பாட்டாக்கி அவளிடமே திருப்பிக் கொடுப்பார்.

இவ்வளவு பாட்டுக் கட்டியும் அவருக்கு ஒரு குறை இருந்தது. அவருடைய பாட்டு எதுவும் கோயிலுக்குள் போனதில்லை. எங்கள் எஸ்டேட் கோயில் வியாகுல மாதா கோயில். செப்டம்பர் பதினைந்தாம் தேதி திருநாள். பூசை முடிந்து சப்பரம் புறப்படுவதற்கு முன்னால் கோயிலுக்குள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பாட்டு வருஷாவருஷம் பாளையங்கோட்டையிலிருந்து வருகிற அச்சடித்த புத்தகத்திலிருந்துதான் வரும். மதலேனம்மாள் நாலு வருஷமாக உபதேசியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு ஆசை என்று நான் கேட்டதற்கு, “காட்டுல கேக்கவுகல்லாம் வேலை செஞ்சிக்கிட்டே கேக்காவ. ஒரே ஒரு தடவ, சும்மா உக்காந்து கேக்க ஆளுக முன்னால நம்ம பாட்டு நிக்குதா விழுதான்னு பாக்கணும்” என்றார்.

சுவக்கீன் உபதேசியார் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். தண்ணீர் கேட்டால்கூட ‘சிறிதளவு நீர் தருவாயாக’ என்று கேட்கிற ஆள். தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியமும் தொடங்க மாட்டார். அவர் குரல் எனக்கு மிக எளிது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடத்துக்குள் பேசினால் போதும். ஐம்பத்தேழாம் வருஷம் அவர் மனம் இறங்கினார். மாதா பட்ட ஏழு துயரத்துக்கும், ஏழு வியாகுலத்துக்கும், ஏழு சரணம் கட்ட வேண்டும், திருநாளுக்கு முந்தின வாரம் அவர் நோட்டில் எழுதிச் சரிபார்க்க வேண்டும். இதுதான் நிபந்தனை.

மதலேனம்மாள் ஜூலையிலேயே தொடங்கிவிட்டார். முதல் வியாகுலம், மாதாவின் நெஞ்சில் வாள் பாயும் என்று கோயிலில் ஒரு பெரியவர் சொன்னது. அதைச் செபமாலையம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாளின் மாமியார் வாயைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, எகிப்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அது கைக்குழந்தையோடு கம்பத்திலிருந்து மலையேறி நடந்தே வந்த ரோசிக்கு. நாலாவது, சிலுவைப் பாதையில் கூட்டத்துக்கு நடுவில் மகனைச் சந்தித்தது. கூட்டத்தின் சத்தமெல்லாம் ஒரே வாயில் வரவேண்டும் என்று அதை எனக்குக் கொடுத்தார். மற்றதெல்லாம் சாவும் அடக்கமும். அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை, லயத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

மூன்றாவதுதான் திணறியது. பன்னிரண்டு வயது சேசுநாதரைத் தொலைத்துவிட்டு, மூன்று நாள் தேடி, கோயிலுக்குள் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எங்களிடம் உண்டு. தொலைத்துத் திரும்பக் கண்டவர் ஒருத்தர்தான். குருவம்மாள்.

குருவம்மாள் வேதக்காரர் இல்லை, உத்தமபாளையம் பக்கத்துக்காரர், லயத்துக்குக் கீழே இருக்கிற மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவருடைய ஏழு வயது மகன் ஒரு சந்தை நாளில் குமுளியில் காணாமல் போய்விட்டான். காலையிலிருந்து மத்தியானம் வரை ஏலக்காய்க் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கம்பம் போகிற பஸ்ஸில் எல்லாம் தலையை விட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு கடைக்குள் மூட்டைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தார். நாலு பெரிய வியாபாரிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, எந்த ஏலக்காய் நல்லது, எது சொத்தை என்று பையன் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தானாம். மதலேனம்மாள் இதைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இது வேதத்துல உள்ளதுல்லாட்டி” என்று எழுந்து நின்றுவிட்டார்.

ஒரு வாரத்தில் சரணம் தயாராகி, ஏற்றத்திலும் தேறி, குருவம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. மாதா மூன்று நாள் கடைவாசல் ஒன்று விடாமல் தேடுவாள், கண்டவுடன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள். அழகான சரணம். நிரையில் பாடியபோது ஒருத்தர் கையும் நிற்கவில்லை. திருநாள் நெருங்குகிற அவசரம், மதலேனம்மாள் அதைக் கவனிக்காதது போல இருந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் சோதனையில் விழுந்த வரியை விட்டுவைத்தது அந்த ஒரு தடவைதான்.

திருநாளுக்குப் பத்து நாள் முன்னால், குருவம்மாள் பாடும்போது முத்தம் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் வேறு வரிகள் வந்தன.

*மூணு நாளாத் தேடினாளே*
*முந்தானை நனையத் தேடினாளே*
*கடைவாசல் ஒண்ணு விடாம*
*காலு தேயத் தேடினாளே*
*கண்டவுடன் ஓங்கின கை*
*கன்னத்துல இறங்கலையே*
*உச்சியிலே நடுங்கி நின்னு*
*ஏய்யா இப்படி செஞ்சேன்னாளே*

எனக்கு முன்னால் இருந்த செடி, என் கை, அதற்கு நடுவில் ஓர் அங்குல இடைவெளி, இன்னும் கண்ணில் இருக்கிறது. நிரை முழுக்க நின்றுவிட்டது. மிக்கேல்ராஜ் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. பிறகு நினைவு வந்து ஊதினார்.

மதலேனம்மாளுக்குக் கோபம் வந்தது. கொடுத்ததை மாற்றியது ஒரு கோபம் என்றால், தேவமாதாவைக் கை ஓங்க வைத்தது அதைவிடப் பெரிய கோபம்.

“மாதா ஓங்குவாளாட்டி?”

“பிள்ளையத் தொலச்சது நீங்களா, நானா? தாயின்னா ஓங்கத்தேன் செய்வா. நான் ஓங்குனேன். முத்தமெல்லாம் வீட்டுக்குப் போயித்தேன் குடுத்தேன்.”

“பாட்டு என்னது. நான் சொன்ன மாதிரிப் பாடு. இல்லன்னா பாடாத.”

“அப்பச் சரிக்கா. பாடல.”

குருவம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டார். மறுநாள் கங்காணியிடம் கேட்டு அடுத்த காட்டு நிரைக்கு மாறிவிட்டார். மூன்றாவது வியாகுலமும் அவரோடு போய்விட்டது.

அடுத்த வியாழக்கிழமை உபதேசியார் நோட்டும் பென்சிலுமாகக் கோயிலில் உட்கார்ந்தார். ஒருத்தர் பின் ஒருத்தராகப் போய்ப் பாடினோம். தொண்டையைச் செருமிச் செருமி ஆறு சரணம் எழுதினார். மூன்றாவது எங்கே என்றார். பாளையங்கோட்டைப் புத்தகத்தில் எதைத் தொலைத்தாலும் பக்கத்தைப் புரட்டி எடுத்துவிடலாம். இங்கே ஒரு சரணம் அடுத்த காட்டில் கோபமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. மதலேனம்மாளுக்கு முத்தம் வைத்த பழைய வரிகளே சுத்தமாக மறந்துபோயிருந்தன. எனக்குப் புது வரிகள் தெரியும், குருவம்மாளின் குரலிலேயே பாடத் தெரியும். பாடட்டுமா சித்தி என்று மதலேனம்மாளிடம் மெல்லக் கேட்டேன். “வாய மூடு. உன் கையில குடுத்தனா நான்?” என்றார்.

ஆறு வியாகுலத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. மாதாவுக்கு ஏழு. உபதேசியார் பெருந்தன்மையாகத் தானே ஒரு சரணம் இயற்றித் தருவதாகச் சொல்லி, அங்கேயே இயற்றினார். ‘ஆலய நடுவில் ஆன்றோர் அவையில் அருந்தவப் புதல்வனை அன்னை மாமரி அகமகிழ்ந்து நோக்கினளே’ என்று தொடங்கியது. செபமாலையம்மாள் பாடிப் பார்த்தார். ‘அருந்தவ’த்தில் இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்கி, அதே இடத்தில் மறுபடி இருமினார். உபதேசியார் அதைப் பக்தியின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் மதலேனம்மாள் குடத்தோடு தண்ணீர்க் குழாய்க்குப் போனார். அவர் வீட்டுக்கு அது தூரக் குழாய், குருவம்மாள் லயத்துக் குழாய். நானும் குடம் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். குருவம்மாள் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நின்றார். மதலேனம்மாள் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. குழாயைப் பார்த்துப் பேசினார்.

“அன்னைக்கு நீ பாடும்போது எல்லாருக்கும் கை நின்னுது. எனக்கும் நின்னுது. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

குடம் நிறைந்து வழிந்தது. குருவம்மாள் எடுக்கவில்லை.

“முத்தம் வச்சம் பாத்தியா, அதுக்கு யாருக்கும் நிக்கல. அதையும் பாக்காத மாதிரிதான் இருந்தேன்” என்றார் மதலேனம்மாள்.

“ஓங்குன கைய எறக்கச் சொன்னா நான் வரமாட்டேங்க்கா. சொல்லிப்புட்டேன்.”

“எறக்காத. அப்படியே இருக்கட்டும். அது உன் கைதான.”

குருவம்மாள் அப்போதுதான் திரும்பினார். கோயிலுக்குள் வந்து நிற்பது தனக்குச் சரிப்படாது, வாசற்படியில் நின்று பாடுகிறேன் என்றார். அதற்குமேல் இருவரும் தண்ணீர் சரியாக வருவதில்லை என்பது பற்றிப் பேசினார்கள்.

சனிக்கிழமை குருவம்மாள் கோயில் வாசலில் நின்று உபதேசியாருக்குச் சரணத்தைச் சொன்னார். உபதேசியார் எழுதிக்கொண்டே வந்தார். ‘கண்டவுடன் ஓங்கின கை’ வந்ததும் பென்சில் காகிதத்துக்கு மேலே நின்றுவிட்டது. மதலேனம்மாள் பென்சிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

திருப்தி அதோடு முடிந்தது. உபதேசியார் நோட்டை மூடினார். பரிசுத்த கன்னிமாதா சினங்கொண்டு திருக்கரத்தை உயர்த்தினாள் என்று கோயிலுக்குள் பாட அனுமதிக்க முடியாது, தான் இயற்றியதைப் பாடுங்கள், இல்லையென்றால் வழக்கம்போல அச்சுப் புத்தகம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். நாலு வருஷம் கேட்டு வாங்கிய இடம். மதலேனம்மாள் வாதாடவில்லை. சரி என்றுகூடச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உபதேசியார் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டார். வருகிற வழியில் மதலேனம்மாள் எங்களிடம் மட்டும் சொன்னார், மூன்றாவது எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்துதான் வரும், நடுவில் நிறுத்தச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வோம், இனிமேல் கோயிலுக்குள் நம்மைக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதானே. அவ்வளவுதானே என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. எத்தனையோ குரலை எடுத்துக் காட்டியிருக்கிறேன், அதை மட்டும் இன்றுவரை எடுத்துக் காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பூசை வைக்கக் கீழேயிருந்து சாமியார் வந்திருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், இளம் வயது, தமிழும் மலையாளமும் பாதிப் பாதி கலந்து பேசுவார். பூசை முடிந்ததும் நாங்கள் ஆறு பேரும் மதலேனம்மாளும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் கையில் கூடை இல்லாததால் விரல்கள் தாளத்துக்கு இடம் தேடிக் கடைசியில் சேலைக் கொசுவத்தில் தட்டின.

செபமாலையம்மாள் வாளைப் பாடினார். ரோசி எகிப்துக்குப் போனாள். உபதேசியார் கண்ணை மூடி, தன்னுடைய அருந்தவப் புதல்வனுக்காகக் காத்திருந்தார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பின்னால் வாசற்படியிலிருந்து குருவம்மாளின் குரல் வந்தது. ஜனம் முழுக்கத் திரும்பியது. கோயிலுக்குள் கொழுந்தும் இல்லை, நிற்பதற்கு வேலையும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. செபமாலை உருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. திரி தூண்டிக்கொண்டிருந்த கோயில்பிள்ளையின் கை விளக்குக்கு மேலேயே நின்று, சுட்டுக்கொண்டு, பிறகுதான் விலகியது. மதலேனம்மாள் மாதாவைப் பார்க்கவில்லை. அத்தனை கைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

உபதேசியார் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். யாரும் அந்தப் பக்கம் பார்க்காததால் நான் நாலாவதைத் தொடங்கிவிட்டேன். ஏழும் முடிந்தது. முடிந்ததும் உபதேசியார் சாமியாரிடம் போய்க் குடத்துக்குள் பேசுவது போல நீளமாகப் புகார் சொன்னார். சாமியார் மதலேனம்மாளைப் பீடத்தின் பக்கம் கூப்பிட்டார்.

என்ன முடிவானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதலேனம்மாள் பேசியதற்குப் பிறகு நான் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. சாமியார் நிறைய நேரம் தாடியைத் தடவினார். பிறகு உபதேசியாரைக் கூப்பிட்டு மூன்றாவது சரணத்தையும் நோட்டில் எழுதச் சொன்னார். அடுத்த வருஷத் திருநாளிலும் அது ஓங்கின கையோடுதான் பாடப்பட்டது, வாசற்படியிலிருந்துதான். எழுதி வைத்த நோட்டை யாரும் திறக்கவில்லை.

அன்றைக்குச் சாமியார் கேட்டது சின்னக் கேள்விதான். அதட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாதாவு கை ஓங்கினது வேதத்தில் இல்லையல்லோ, இது ஆரு கண்டு, யார் பார்த்தது என்றார். மதலேனம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஏற்றத்தில் ஏறுகிறவர் மாதிரி ஒரு மூச்சு எடுத்துவிட்டுச் சொன்னார்:

“நான் காங்கல சாமி. நான் முதல்ல கட்டுனதுல மாதா ஓடிப்போயி முத்தந்தான் குடுத்தா, அது யாரும் காணாதது, நானா சோடிச்சது, அதான் ஒருத்தி கையும் நிக்கல. பிள்ளையத் தொலச்சு, ஊரெல்லாம் தேடிக் கண்டு, அடிக்க ஓங்கி, அடிக்க மாட்டாம நின்னவ அந்தா வாசப்படியில நிக்கா, உங்க கோயிலுக்குள்ள வரக் கூச்சப்பட்டுக்கிட்டு. வேதம் எழுதுனவுகளும் கூட இருந்தா பாத்தாவ, யாரோ ஒரு தாயிட்ட கேட்டுத்தான எழுதியிருப்பாவ? நான் இவகிட்ட கேட்டேன்.”